பதிவுபெற்ற சங்கத்துடன் பேச நிர்வாகம் மறுக்கிறது: புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி எங்களுக்கு என்ன வழி?

கேள்வி
எழுதியவர்: வார்ப்படத் தொழிலாளி

அனைவருக்கும் வணக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 420 பேர். நிறுவனமே நேரடியாக இரண்டு ஆண்டுக் காலத்திற்குப் பணி ஆணை கொடுத்து எடுத்த குறித்தகாலத் தொழிலாளர்கள் 150 பேர். காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களும் அப்ரண்டிஸ் பிள்ளைகளும் தனி.

சென்ற ஆண்டு சங்கம் அமைத்து, தொழிற்சங்கப் பதிவாளரிடம் முறையாகப் பதிவுச் சான்றிதழும் பெற்றோம். இன்றைய நிலையில் எங்கள் உறுப்பினர்கள் 230 பேர், அனைவரும் நிரந்தரத் தொழிலாளர்கள். பதிவு கிடைத்த சில வாரங்களிலேயே இன்னொரு சங்கம் தோன்றியது. அதில் 120 பேர் இருக்கிறார்கள். அதன் நிர்வாகிகளுக்கு ஷிஃப்ட் நேரத்திலேயே கூட்டம் நடத்த அனுமதி கிடைக்கிறது, எங்களுக்கு அறிவிப்புப் பலகைகூட இல்லை.

ஊதிய உயர்வு, உலைப் பகுதியின் வெப்பத்திற்குப் பாதுகாப்பு, இரவு ஷிஃப்ட் போக்குவரத்து ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தோம். ‘உங்களிடம் 51 சதவீதம் இல்லை, ஆகவே பேச வேண்டிய கடமை எங்களுக்கு இல்லை, ஏதாவது இருந்தால் பணிக்குழுவில் சொல்லுங்கள்’ என்று நிர்வாகம் எழுத்து மூலம் பதில் அளித்தது. பழைய ஊதிய ஒப்பந்தமும் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சேர்ந்த இதே பணிக்குழுவோடு போடப்பட்டதுதான். அதன் காலம் முடிந்துவிட்டது. அடுத்த மாதமே எங்கள் செயலாளர், வாயில் கூட்டத்தில் முழக்கமிட்டார் என்ற காரணத்திற்காக இடைநீக்கம் செய்யப்பட்டு, குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் பெற்றார். துணைச் செயலாளரை வேறு மாநிலத்தில் உள்ள ஆலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

உறுப்பினர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரமே வேலைநிறுத்தம் செய்யலாம் என்று ஒரு சாராரும், ஒரே நாளில் எல்லோரும் தற்செயல் விடுப்பு எடுத்தால் சட்டச் சிக்கல் வராது என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு எங்கள் உரிமைகள் எவை, எவை பறிபோயின என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால், அதைப் பொதுக்குழுவில் வைத்து முடிவெடுப்போம்.


பதில்
எழுதியவர்: ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர்

தோழருக்கு வணக்கம். வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசும் முன்பு எண்ணிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். இன்றைய சட்டத்தில் உங்கள் சங்கத்தின் பலம் அங்கேதான் அளக்கப்படுகிறது.

பதிவு என்பது வேறு, அங்கீகாரம் என்பது வேறு. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பதிவைக் கொடுத்தது. பதிவுபெற்ற சங்கத்தோடு முதலாளி பேசியே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எங்கள் தலைமுறை அங்கீகாரத்தை ஆலை வாயிலில்தான் வென்றது, சட்டப் புத்தகத்தில் அல்ல. புதிய தொகுப்பின் 14ஆவது பிரிவு இந்த இடத்தில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள நிறுவனத்தில், வருகைப் பட்டியலில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதமோ அதற்கு மேலோ ஆதரவு பெற்ற சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக அங்கீகரிக்கப்பட வேண்டும். அப்படி எந்தச் சங்கமும் இல்லையென்றால் நிர்வாகம் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. 20 சதவீதத்திற்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்டு பேச்சுவார்த்தை மன்றம் அமைக்க வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. உங்கள் நிர்வாகம் எழுதிய கடிதம் அந்தப் பிரிவின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 420 பேரை வைத்து நீங்கள் கணக்கிட்டால் 51 சதவீதத்திற்கு 215 பேர் போதும். 230 பேர் கொண்ட நீங்கள் பெரும்பான்மை என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் குறித்தகாலத் தொழிலாளர்கள் நிறுவனத்தின் நேரடித் தொழிலாளர்கள். அவர்கள் பெயரும் வருகைப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே வகுக்க வேண்டிய எண் 570 ஆகிறது. தேவைப்படுகிறவர்கள் 291 பேர். அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் உள்ள பயிற்சியாளர்களைத் தொகுப்பே ‘தொழிலாளி’ என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. காண்ட்ராக்டர் ஆட்கள் அவருடைய பட்டியலில் வருவார்கள். 570 பேரில் 230 என்பது 40 சதவீதத்திற்குச் சற்று மேல். மற்றச் சங்கத்தின் 120 பேர் 21 சதவீதம். ஒவ்வொரு 20 சதவீதத்திற்கும் ஒரு பிரதிநிதி என்ற அடிப்படைக் கணக்கில் மன்றத்தில் உங்களுக்கு இரண்டு இடமும் அவர்களுக்கு ஓர் இடமும் வரும். மன்றத்தில் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டால்தான் உடன்பாடு என்று சட்டம் சொல்கிறது. உங்களை ஒதுக்கிவிட்டு அந்த இன்னொரு சங்கத்தோடு நிர்வாகம் கையெழுத்துப் போட முடியாத நிலையில் இன்றைக்கே நீங்கள் இருக்கிறீர்கள். 14ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி, ‘பெரும்பான்மைச் சங்கம் இல்லை என்று நீங்களே சொல்வதால் பேச்சுவார்த்தை மன்றத்தை அமைக்குமாறு கோருகிறோம்’ என்று நிர்வாகத்திற்குக் கடிதம் கொடுத்து, நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள். ஒப்புகை பெறாமல் எந்தக் கடிதத்தையும் கொடுக்காதீர்கள்.

அதோடு நிற்கக் கூடாது. இன்னும் 61 பேர் சேர்ந்தால் நீங்களே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். அந்த அங்கீகாரம் மூன்று ஆண்டுகளுக்கு நிற்கும், இரு தரப்பும் ஒப்பினால் மொத்தம் ஐந்து ஆண்டு வரை நீளும். அந்த 61 பேரும் குறித்தகாலத் தொழிலாளர்களிடையேதான் இருக்கிறார்கள். நிரந்தரம் ஆகாதவரைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்ற பழைய வழக்கம் பல ஆலைகளில் உண்டு. அது எப்போதுமே தவறுதான். இப்போது அது சங்கத்தையே சிறுபான்மையாக்கிவிடும்.

பணிக்குழு விஷயத்தில் தெளிவாக இருங்கள். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பணிக்குழு அமைக்கச் சட்டம் வழி செய்கிறது. அதன் வேலை அன்றாட உரசல்களைக் களைந்து நல்லுறவை வளர்ப்பது. நார்த் புரூக் ஜூட் கம்பெனி வழக்கில் 1960ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம், கூட்டுப்பேரத்தில் தொழிற்சங்கத்தின் இடத்தைப் பணிக்குழு பிடித்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது.


பதில்
எழுதியவர்: மனிதவள அலுவலர்

நான் நிர்வாகத் தரப்பில் பணிபுரிகிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; வேறொரு தொழிலில், வேறொரு மாவட்டத்தில். மேலே எழுதியவரின் கணக்கு சரியானது. 51 சதவீத விதியை நான் வரவேற்கிறேன். ஒரே ஆலையில் நான்கு சங்கங்கள் நான்கு கோரிக்கைப் பட்டியல்களைக் கொடுத்து, ஒன்றோடு போட்ட ஒப்பந்தத்தை மற்றொன்று எதிர்த்து வழக்குப் போடும் நிலையில் யாருக்கும் நன்மை இல்லை. தொழிலாளருக்கும் ஊதிய உயர்வு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். யாரோடு பேசுவது என்ற கேள்விக்குச் சட்டமே விடை சொல்வது இரு தரப்புக்கும் நல்லது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒன்று, கூட்டாக விடுப்பு எடுப்பது பாதுகாப்பான வழி என்ற எண்ணத்தை உடனே கைவிடுங்கள். ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் ஒரே நாளில் திட்டமிட்டுத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று தொகுப்பின் வரையறை வெளிப்படையாகச் சொல்கிறது. மெதுவாக வேலை செய்வதும் தொழிற்சங்கத் தரப்பின் முறையற்ற தொழில் நடைமுறையாக இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இரண்டு, ஆலைக்கு வெளியே இருந்து வரும் தலைவர்கள் பிரச்சினையை அரசியலாக்கிவிடுகிறார்கள் என்பது எங்கள் தரப்பின் நீண்டகால வருத்தம். உள்ளிருக்கும் தொழிலாளர்களே பேச வந்தால் பாதிக்கு மேற்பட்ட பிரச்சினைகள் மேசையிலேயே தீரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

செயலாளரின் இடைநீக்கத்தைப் பற்றி, ஆவணங்களைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் முழக்கமிட்டதற்காக மட்டும் ஒருவரை இடைநீக்கம் செய்யும் நிர்வாகத்திற்கு நான் ஆலோசகராக இருந்தால், அதைத் திரும்பப் பெறும்படிதான் சொல்வேன்.


பதில்
எழுதியவர்: தொழிலாளர் வரலாறு பயில்பவள்

வெளியாட்கள் பற்றி மேலே சொல்லப்பட்டதற்கு மட்டும் ஒரு பதில். ‘உள்ளிருக்கும் தொழிலாளர்களே பேச வரட்டும்’ என்று ஐயா சொல்கிறார். இந்த இழையில் உள்ள ஆலையில் உள்ளிருந்து பேச வந்த செயலாளர் இடைநீக்கத்தில் இருக்கிறார், துணைச் செயலாளர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். வெளியாள் ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம். சம்பளம் கொடுப்பவரிடம் எதிர்த்துப் பேசுகிறவருக்குச் சம்பளம் போகும் என்ற அச்சம் இருக்கும்வரை, அந்தச் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் உடன் இருப்பது அவசியம்.

சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் தோன்றியபோதும் இதே நிலைதான். பெரம்பூர் பகுதியின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக அதை முன்னின்று அமைத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும், தலைவர் பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் தம் பேச்சாலும் எழுத்தாலும் உடன் நின்றார். 1920-21 காலத்துப் போராட்டத்தின்போது ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்களைப் பணி ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கத் தலைவர்களுக்கு எதிராக இடைக்காலத் தடையாணையும் பிறந்தது. வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. தொழிலாளர்களை ஒன்றுசேர்த்ததே சட்டப்படி ஒரு தவறாக இருந்த காலம் அது.

அந்த வழக்கின் அதிர்ச்சிதான் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷியை மத்திய சட்டப்பேரவையில் 1921ஆம் ஆண்டு தொழிற்சங்கப் பாதுகாப்புக்குத் தீர்மானம் கொண்டுவர வைத்தது. அதன் தொடர்ச்சியாகவே 1926ஆம் ஆண்டின் சட்டம் பிறந்து, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகிகள் மீது, சங்கத்தின் நியாயமான நோக்கத்திற்காகச் செய்த உடன்பாடுகளுக்காகக் குற்றச்சதி வழக்குப் போட முடியாது என்றது 17ஆவது பிரிவு. பணி ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக உரிமையியல் வழக்குப் போட முடியாது என்றது 18ஆவது பிரிவு. அந்தச் சட்டம் இன்று நீக்கப்பட்டுவிட்டாலும் இவ்விரு பாதுகாப்புகளும் புதிய தொகுப்பின் 16, 17ஆவது பிரிவுகளில் தொடர்கின்றன. நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அதுவரை வெளியாட்கள் இருக்கலாம் என்பதும் தொகுப்பிலேயே உள்ளது. ஆகவே அவர்கள் சட்டத்தின் கண்ணில் அழையாத விருந்தினர்கள் அல்லர்.

பதிவு கையில் இருப்பதன் மதிப்பையும் குறைத்து எண்ண வேண்டாம். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று சங்கப் பதிவு. உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு 2025 ஜனவரி 27 அன்றுதான் அது கிடைத்தது. சங்கம் அமைப்பது அரசமைப்பின் 19(1)(இ) பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று பாடப்புத்தகத்தில் படித்த நாட்டில் இது நடந்தது. சங்க உரிமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆவது உடன்படிக்கைகளில் இந்தியா இன்றுவரை இணையவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது.


பதில்
எழுதியவர்: தொழிலாளர் நீதிமன்ற வழக்கறிஞர்

கேள்வி கேட்ட நண்பருக்கு: செயலாளரின் பாதுகாப்பும் வேலைநிறுத்தமும் ஒன்றோடொன்று பின்னியவை. வரிசை மாறினால் பாதுகாப்பு போய்விடும்.

இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் கொடுத்தே ஆக வேண்டும். முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியமும், தாமதத்திற்குத் தொழிலாளி காரணம் இல்லையென்றால் அதன்பின் 75 சதவீதமும் கொடுக்க வேண்டும் என்றும், விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் தொகுப்பின் 38ஆவது பிரிவு சொல்கிறது. உள்விசாரணையை அவர் புறக்கணிக்கவே கூடாது. ஒவ்வோர் அமர்விலும் கலந்துகொண்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, மறுக்கப்பட்ட ஆவணங்களை எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். பின்னால் தீர்ப்பாயம் தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ அதிகாரம் பெற்றிருந்தாலும், அது பார்க்கப்போவது இந்த விசாரணைப் பதிவேட்டைத்தான்.

அடுத்தது, 90ஆவது பிரிவு. பழைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு என்று தொழிலாளர்கள் அறிந்திருந்தது இதுவே. சமரச நடவடிக்கையோ தீர்ப்பாய நடவடிக்கையோ நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தாவாவோடு (தொழில் தகராறோடு) தொடர்புடைய பணி நிலைமைகளை நிர்வாகம் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. தாவாவோடு தொடர்புடைய குற்றச்சாட்டுக்காக ஒருவரை நீக்குவதானால் முன் அனுமதி பெற வேண்டும். தொடர்பில்லாத குற்றச்சாட்டானாலும் ஒரு மாத ஊதியம் கொடுத்து, ஒப்புதல் மனுவும் போட வேண்டும். அந்த ஒப்புதலைப் பெறத் தவறினால் நீக்கமே செல்லாது என்று ஜெய்ப்பூர் ஜில்லா சஹகாரி வங்கி வழக்கில் 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, பழைய சட்டத்தை வைத்துத் தீர்ப்பளித்தது. சங்க நிர்வாகிகளில் மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கையில் ஒரு சதவீதம் பேரை, ஆனால் குறைந்தது ஐந்து பேரை, ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்’ என அங்கீகரிக்கக் கோரலாம். உங்கள் ஆலையில் அது ஐந்து அல்லது ஆறு பேர். இவை அனைத்துக்கும் ஒரே நிபந்தனை, நடவடிக்கை நிலுவையில் இருக்க வேண்டும் என்பது. உங்கள் கோரிக்கைப் பட்டியலை நிர்வாகத்திடம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். அதனால் எந்த நடவடிக்கையும் தொடங்கவில்லை. சமரச அலுவலரிடம் தாவா எழுப்புங்கள். அவர் கூட்டும் முதல் கூட்டத்தின் நாளிலிருந்தே சமரச நடவடிக்கை தொடங்கியதாகச் சட்டம் கருதுகிறது.

இனி வேலைநிறுத்தம். பழைய சட்டத்தில் முன்னறிவிப்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. உங்களைப் போன்ற ஆலைக்கு இல்லை. இப்போது 62ஆவது பிரிவின்படி எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அது 60 நாட்களுக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். அறிவிப்பு கிடைத்ததும் சமரச அலுவலர் கூட்டம் கூட்டினால், சமரசம் நடக்கும் காலமும் அது முடிந்த பின் ஏழு நாட்களும் வேலைநிறுத்தம் தடை செய்யப்படுகிறது. சமரசம் தோற்றால் எந்தத் தரப்பும் 90 நாட்களுக்குள் நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தீர்ப்பாய நடவடிக்கை நிலுவையில் உள்ள காலமும் அதன்பின் 60 நாட்களும் மீண்டும் தடை. முன்பு தாவாவைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்புவது அரசின் கையில் இருந்தது. இன்று நிர்வாகமே ஒரு மனுவைப் போட்டு வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்க முடியும். வேலைநிறுத்த உரிமையை இந்தத் தொகுப்பு பறித்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். எழுத்தில் அது இருக்கிறது. அதைச் சட்டப்படி பயன்படுத்துவதற்கான இடைவெளி மிகச் சில நாட்களாகச் சுருங்கிவிட்டது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆயினும் கட்சிக்காரரிடம் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுவதைவிட எப்படி இருக்கிறது என்று சொல்வதே என் கடமை.

நீதிமன்றங்களும் இதில் பெரிய ஆதரவு தந்ததில்லை. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கில் 1961ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைநிறுத்தக் காலத்திற்கு ஊதியம் கேட்க வேண்டுமானால் அது சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும், இரண்டுமாக இருக்க வேண்டும் என்று சிண்டிகேட் வங்கி வழக்கில் 1994ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் ஈடுபடும் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது தொகுப்பு. மறுபுறத்தில் நிர்வாகம் முறையற்ற தொழில் நடைமுறையில் ஈடுபட்டால் 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. தொழிலாளிக்குச் சிறை, நிறுவனத்திற்கு ஒரு நாள் உற்பத்தியில் ஈடுகட்டிவிடக்கூடிய தொகை என்ற இந்த ஏற்றத்தாழ்வைப் பொதுக்குழுவில் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலரும் மறக்கும் விஷயம். பழைய ஊதிய ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காலம் முடிந்தால் மட்டும் ஒப்பந்தம் முடிந்துவிடாது. முடித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 60 நாட்கள் கழியும்வரை அது தரப்பினரைக் கட்டுப்படுத்தும். ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது அதில் அடங்கிய விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்தால் அதுவும் சட்டவிரோதம். உங்களுடைய ஒப்பந்தம் முந்தைய சட்டத்தில் 18(1) ஒப்பந்தமா, சமரச அலுவலர் முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தமா என்று பாருங்கள். முதலாவது கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். இரண்டாவது ஆலையில் உள்ள அனைவரையும் கட்டுப்படுத்தும். அதற்கேற்ப, முடிவறிவிப்பு யார் பெயரில் போக வேண்டும் என்பதும் மாறும். நகலோடு ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: வார்ப்படத் தொழிலாளி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பேச்சுவார்த்தை மன்றம் பற்றி எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கோரிக்கைக் கடிதத்தையும் சமரச மனுவையும் ஒரே நேரத்தில் தயாரிக்கிறோம். வேலைநிறுத்தத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கும்படி பொதுக்குழுவில் நானே பேசுவேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. குறித்தகாலத் தொழிலாளர்களிடம் பேசினோம்; உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட அஞ்சுகிறார்கள். சங்கத்தில் சேர்ந்தால் பணிக்காலம் நீட்டிக்கப்படாது என்று மேற்பார்வையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து, துணைச் செயலாளர் இடமாற்ற ஆணையை ஏற்பதா, மறுப்பதா என்று தவிக்கிறார். அவருடைய குழந்தைகள் இங்கே பள்ளியில் படிக்கிறார்கள்.


பதில்
எழுதியவர்: தொழிலாளர் நீதிமன்ற வழக்கறிஞர்

அவர்களுடைய அச்சம் நியாயமானது, அதை லேசாகப் பேசி ஒதுக்கிவிட வேண்டாம். குறித்த காலம் முடிந்ததால் பணி முடிவது ஆட்குறைப்பு ஆகாது என்று தொகுப்பு சொல்வதால், ஆட்குறைப்புக்கான அறிவிப்போ இழப்பீடோ அவர்களுக்குக் கிடைக்காது. நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள அதே ஊதியமும் சலுகைகளும், ஓராண்டு முடிந்தால் பணிக்கொடையும் உண்டு. ஆனால் நாளைய வேலைக்கு உறுதி இல்லை. சங்கம் வளர முடியாதபடி செய்வதில் இந்த வகை வேலைமுறைக்கு உள்ள பங்கைப் பற்றி நம் மாநிலத்தில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

ஆனால் தமிழ்நாட்டில் நமக்கு ஒரு கூடுதல் கருவி இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாத காலத்திற்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. தொகுப்பு நீக்கிய மூன்று மத்தியச் சட்டங்களில் இது இல்லை. இரண்டு ஆண்டுப் பணி ஆணையில் இருப்பவர் பெரும்பாலும் அந்த 480 நாட்களைத் தாண்டியிருப்பார். நிர்வாகம் குறித்தகால ஒப்பந்தத்தைக் காட்டி எதிர்க்கும், வழக்கு நீளும். ஆயினும் கோருவதற்கு உறுதியான அடிப்படை இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் ஊதியச் சீட்டுகளையும் வருகைக்கான சான்றுகளையும் இன்றே திரட்டி வைக்கட்டும். பணிக்காலம் முடிவதற்கு முன்பே, அச்சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற ஆய்வாளரிடம் மனு போய்விட வேண்டும். சங்கம் அவர்களுக்காக அந்த மனுவை எழுதிக் கொடுக்கும்போது, உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடச் சொல்லி நீங்கள் வற்புறுத்த வேண்டியிருக்காது. மேற்பார்வையாளர்கள் மிரட்டியதை நாள், இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றோடு குறித்து வையுங்கள். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று தொழிலாளியை அச்சுறுத்துவது இரண்டாம் அட்டவணையில் உள்ள முறையற்ற நடைமுறை.


பதில்
எழுதியவர்: ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர்

துணைச் செயலாளர் பற்றி நான் சொல்கிறேன். கொள்கை என்ற பெயரில் தீய நோக்கத்தோடு செய்யும் இடமாற்றமும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆகவே அதைச் சமரச மனுவில் தனிக் கோரிக்கையாகச் சேருங்கள். பணி ஆணையிலும் நிலையாணையிலும் (ஆலையின் பணி நிபந்தனை விதிகளிலும்) வேறு மாநில ஆலைக்கு மாற்ற நிர்வாகத்திற்கு அதிகாரம் தரும் வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆணையின் அடித்தளமே ஆட்டம் காணும். இருந்தால், அவர் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. பணிக்கு வராமல் இருந்தார் என்று ஒரு புதிய குற்றச்சாட்டை நாமே நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடுவோம். தீர்ப்பாயத்தில் இடமாற்றத்தின் தீய நோக்கத்தைப் பேச வேண்டிய வழக்கு, அவர் வராத நாட்களைப் பற்றிய வழக்காக மாறிவிடும்.

எதிர்ப்பைத் தெளிவாக எழுதிக் கொடுத்து, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் சேர்கிறேன் என்று குறிப்பிட்டு, அங்கே போய்ச் சேரட்டும். அவர் குடும்பத்தின் இரட்டைச் செலவைச் சங்க நிதியிலிருந்து ஏற்க இந்தப் பொதுக்குழுவிலேயே தீர்மானம் போடுங்கள். சந்தாவைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தாலும் உயர்த்துங்கள். செயலாளருக்குப் பாதி ஊதியம்தான் வருகிறது என்பதால் மீதிக்கும் அதே தீர்மானத்தில் வழி செய்யுங்கள். இருவரையும் தொழிலாளர்கள் கைவிடவில்லை என்று அந்த 150 பேர் கண்ணால் பார்த்த பிறகு படிவங்களோடு அவர்களிடம் போங்கள்.